மேப் முழுக்கக் கேள்விக்குறியா? முதலில் அதை அணையுங்கள்

கதையோடு ஓடும் ஓப்பன் வேர்ல்ட் ஆர்.பி.ஜி. கேம்கள் (பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றி, கதையின் ஒரு பாத்திரமாகவே ஆடுபவை) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கமிருந்து வந்தவற்றில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். எந்தக் கேமின் முடிவையும் உடைக்கவில்லை. தொடக்கப் பகுதிச் சம்பவங்கள் ஓரிரண்டு வரும்.

ஏனுங்க, விட்சர் 3 நாப்பது மணி நேரம் ஓட்டிட்டேனுங்க. ஒயிட் ஆர்ச்சர்டுல ஒரு கேள்விக்குறி விடாம முடிச்சாச்சு, வெலன்ல பாதி முடிச்சாச்சு. லெவல் 14. ஆனா கதை இன்னும் நகரவே இல்லீங்க. இப்பெல்லாம் திறக்கவே மனசு வரமாட்டேங்குது. கேமு மோசமா, நான் ஆடறது மோசமா?
— பொறியியல் மாணவர், பெருந்துறை

இரண்டும் இல்லை. இன்னும் போகாத இடங்களைக் கேள்விக்குறியாகக் காட்டும் அந்த மேப் உங்களை ஏமாற்றிவிட்டது. கேள்விக்குறியைப் பார்த்தால் பாக்கி வேலை மாதிரி தெரியும். பாக்கி இருந்தால் முடிக்கத்தான் கை துடிக்கும். ஆனால் அந்தக் கேமில் எழுத்தாளர்கள் உயிரைக் கொடுத்து எழுதியது ‘குவெஸ்ட்’ எனப்படும் கதை வேலைகளில் இருக்கிறது. கேள்விக்குறிகளில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பெட்டி, ஒரு கொள்ளைக்கூட்டம், ஓர் அரக்கன் கூடு. ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போனால் இன்னும் கொடுமை. கடல் நடுவில் மிதக்கும் கடத்தல் சரக்குக்காகப் படகை ஓட்டி, பறந்து வரும் சைரன் என்ற அரக்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தி, முங்கி எடுத்தால் கடையில் விற்கும் சாமான்தான் கையில் வரும்.

இது தொந்தரவு என்று தயாரிப்பாளர்களுக்கே தெரிந்துவிட்டது. 2022 டிசம்பரில் வந்த 4.0 அப்டேட்டில், மேப்பைத் திறந்தால் கேள்விக்குறியும் படகுக் குறியும் தெரியாத ஃபில்டரையே இயல்பு நிலையாக வைத்துவிட்டார்கள். நீங்கள் பழைய பதிப்பில் இருந்தால் அப்டேட் செய்யுங்கள். அப்டேட் செய்தும் தெரிகிறது என்றால் ஃபில்டர் ‘ஆல்’ என்பதில் நிற்கிறது. மேப் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது லெவல் விஷயம். ஒரு குவெஸ்ட்டுக்குச் சொல்லப்பட்ட லெவலை விட நீங்கள் 6 லெவலோ அதற்கு மேலோ ஏறிவிட்டால், அதன் அனுபவப் புள்ளி கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். வெலனில் ‘ப்ளடி பேரன்’ (Baron, அந்தப் பகுதியின் பிரபு) கதை 6ஆம் லெவலுக்கானது. நீங்கள் 14. இனி அந்தக் கதையை ஆடினால் புள்ளி வராது, எதிரியும் இரண்டு வீச்சில் விழுவான். கதையில் பயம் இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு அது இருக்காது. சலிப்புக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரிசெய்ய வழி இருக்கிறது. கேம்ப்ளே அமைப்பில் ‘எனிமி அப்ஸ்கேலிங்’ என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் லெவல் குறைந்த எதிரிகள் உங்கள் அளவுக்கு ஏறிக்கொள்வார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: நாய்க்கூட்டமும் எலிக்கூட்டமும் அதோடு சேர்ந்து ஏறும். கவசம் போட்ட வீரனை விட எட்டு நாய்கள் ஆபத்தாகிவிடும். அப்படிப்பட்ட இடம் வந்தால் அணைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நேராகப் பேரனின் கோட்டைக்குப் போங்கள். போகும் வழியில் ஓர் ஊரில் அறிவிப்புப் பலகை தெரிந்தால் இறங்கிப் படித்து, அதில் ஒரு வேலை எடுங்கள். வழியில் வராத எதையும் தேடிப் போகாதீர்கள். பேரன் கதை முடிவதற்குள் திறக்கப் பயந்த கேமை விடவே மனமில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரே மாதிரி ‘போ, எடுத்துட்டு வா’ வேலைதான். ஒரு கேம்ல செஞ்சா கொட்டாவி வருது, இன்னொண்ணுல செஞ்சா மனசுல நிக்குது. அது எப்படிங்க?
— வாசகி, ராமநாதபுரம், கோவை

இத்தனை கடிதங்களில் எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒன்றை எடுத்து, பிரித்தே பார்த்துவிடலாம்.

விட்சர் 3இன் முதல் ஊரான ஒயிட் ஆர்ச்சர்டில், பூட்டிய ஒரு குடிசைக்கு முன்னால் ஒரு கிழவி நிற்பாள். அவளுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் அவளுடைய சட்டி. நம் வீட்டு வடச்சட்டி மாதிரி ஒன்று. வேலை அவ்வளவுதான். கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கும், ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று கிடக்கும். சட்டியைப் பார்த்தால் கரி துளியும் இல்லாமல் சுரண்டப்பட்டிருக்கும். ஒளிந்திருந்தவன் எழுத மை இல்லாமல், சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி மை செய்திருக்கிறான் என்று நாயகன் கண்டுபிடிப்பான். வெளியே வந்தால் கிழவிக்கு அதெல்லாம் எதற்கு? சட்டி பளிச்சென்று ஆகிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம்.

ஐந்து நிமிடம்கூட ஆகாது. போய் எடுத்து வந்ததும் ஒரு சட்டிதான். ஆனால் அந்தச் சட்டியின் அடியில் ஒரு போர் நடந்து முடிந்த நாடு தெரிகிறது. கேட்டவளுக்கு அது ஏன் வேண்டும் என்பதில் பொய் இல்லை. போன இடத்தில் நாம் எதிர்பார்க்காத இன்னொருவன் கதை காத்திருக்கிறது. அதை வாயால் சொல்லாமல், துடைத்த சட்டியையும் கண்ணாடியையும் வைத்து நம்மையே கோக்க வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது அந்த ஊரைப் பற்றி முன்பு தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

இதையே ‘10 ஓநாய்த் தோல் கொண்டு வா’ என்பதோடு வைத்துப் பாருங்கள். முதல் தோலுக்கும் பத்தாவது தோலுக்கும் என்ன வித்தியாசம்? எதுவும் இல்லை. இரண்டாவது தோலிலேயே கேம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. மீதி எட்டும் வெறும் கூலி வேலை. ஒரு குவெஸ்ட் சலிக்குமா சலிக்காதா என்று தெரிந்துகொள்ள எங்கள் சோதனை இதுதான்: நடுவில் ஒரு படியை எடுத்துவிட்டால் கதை குறையுமா? குறையாது என்றால் அந்தப் படி நேரத்தை நீட்ட வைத்தது.

ஸ்கைரிம் என்ற கேமில் ‘ரேடியன்ட்’ குவெஸ்ட் என்பது இந்த வகை. எந்தக் குகை, யாரைக் கொல்வது என்பதையெல்லாம் கணினியே பட்டியலிலிருந்து பொறுக்கிப் போடும். முடிவே கிடையாது. ஒரே ஆள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே வேலையைக் கொடுத்தால் அது ரேடியன்ட் என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். அதில் ஒன்று மட்டும் பயனுள்ளது: தீவ்ஸ் கில்ட் என்ற திருடர் சங்கத்தை முழுதாகத் தூக்கி நிறுத்த, வைட்ரன், சாலிட்யூட், மார்கார்த், விண்ட்ஹெல்ம் என்ற நான்கு நகரங்களில் ஒவ்வொன்றிலும் 5 சின்ன வேலை முடித்திருக்க வேண்டும். ஊர் தானாக விழுவதால், முடித்த ஊரே திரும்பத் திரும்ப வரும். வேண்டாத ஊர் வந்தால் அந்த வேலையைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். அபராதம் எதுவும் இல்லை. இது தெரியாமல் 20 வேலையில் முடிய வேண்டியதை 50 வரை இழுத்தவர்கள் உண்டு.

பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு மணி நேரந்தான் கெடைக்கும். நாலு நாள் விட்டுத் தொறந்தா யாரு என்ன சொன்னாங்கன்னே மறந்து போயிருதுங்க.
— வாசகர், திருப்பூர்

ஒரு மணி நேரக்காரருக்கும் இந்த வகைக் கேம் நன்றாகவே ஒத்துவரும். நிறுத்தும் இடத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். குகைக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். ஒருவரோடு பேசி, அடுத்த வேலை என்ன என்று தெரிந்துகொண்ட இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் திறந்தவுடன் செய்ய ஒன்று கையில் இருக்கும். பத்து நிமிடம் பாக்கி இருந்தால் புதிதாக எதையும் தொடங்காமல், அந்த நேரத்தில் மூட்டையை விற்பது, ஆயுதத்தைப் பழுதுபார்ப்பது, திறன் புள்ளி போடுவது என்று முடித்துவிடுங்கள். கதைக்கு வைத்த நேரத்தை அந்த வேலைகள் தின்னக்கூடாது.

ஒரு குயர் நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: ‘யாரைத் தேடுகிறேன், ஏன்’. ‘எங்கே’ என்பதைக் கேமே காட்டும். ‘ஏன்’ என்பதைத்தான் மறக்கிறோம். எல்டன் ரிங் மாதிரி குவெஸ்ட் பட்டியலே இல்லாத கேமில் இந்த நோட்டு இல்லாமல் ஆடவே வேண்டாம். அங்கே யாராவது பேசினால் பெயர், நின்ற இடம், சொன்ன ஊர்ப்பெயர் மூன்றையும் எழுதுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்லும்வரை பேசுங்கள். முதல் தடவையிலேயே நகர்ந்துவிட்டால் பாதி விஷயம் காதில் விழாது.

விட்சர் 3இல் சேவ் திறக்கும்போது ஓடும் சிறு கதைச்சுருக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள், அது உங்களுக்கென்றே வைத்த மாதிரி இருக்கும். டிராகன் ஏஜ் இன்க்விசிஷனில் போர் மேசை வேலைகள் கேமை மூடினாலும் கடிகாரப்படி ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கப் போகும்முன் நீளமான வேலைகளைப் போட்டுவிட்டு மூடினால் மறுநாள் முடிந்திருக்கும். அதே கேமில் இன்னொன்று: முதலில் வரும் ஹின்டர்லாண்ட்ஸ் என்ற பகுதியை முழுதாக முடிக்க நினைக்காதீர்கள். அங்கே இருக்கும் டிராகனே 12ஆம் லெவல். நீங்கள் போவது நாலைந்தில். கதை கேட்கும் அளவுக்குப் பவர் புள்ளி சேர்ந்ததும் கிளம்பிவிடுங்கள், பின்னால் திரும்பி வரலாம். அந்தக் கேமை விட்டவர்களில் ஏகப்பட்டவர்கள் விட்டது அந்த ஒரு பகுதியில்தான்.

கரண்ட் விஷயமும் சொல்லியாக வேண்டும். சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் செய்யாமல் மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். 600 விஏ யு.பி.எஸ். வைத்திருந்தால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்தே அணையும். கார்டு பெரியது என்றால் 1 கேவிஏ வாங்குங்கள். அதுவும் சேவ் செய்து முறையாக மூடுவதற்குத்தான், தொடர்ந்து ஆடுவதற்கு இல்லை.

எங்க போனாலும் எதிரி என் லெவலுக்கே வந்து நிக்கிறான். அப்புறம் எதுக்கு லெவல் ஏத்தறது?
— வாசகர், ராசிபுரம்

நியாயமான கோபம். 2006இல் வந்த ஆப்லிவியனில் இது உச்சத்துக்குப் போனது. பல ஆயிரம் பெறும் கண்ணாடிக் கவசத்தை உடம்பு முழுக்கப் போட்டுக்கொண்டு வழிப்பறிக்காரன் ஒருவன் குறுக்கே நின்று 100 காசு கேட்பான். அந்தக் கவசத்தில் ஒரு கையுறையை விற்றாலே அவன் பிழைப்பு ஓடிவிடும்! எதிரி ஏறும் கணக்கு மட்டும் வேலை செய்கிறது, அவன் யார் என்ற கதை செத்துவிடுகிறது. ஸ்கைரிமில் கொஞ்சம் திருத்தினார்கள். பெரும்பாலான குகைகளுக்குக் குறைந்த லெவல், கூடிய லெவல் என்று எல்லை உண்டு. முதல் தடவை நீங்கள் நுழையும் லெவலிலேயே அது நின்றுவிடும். ஒரு குகை கடினமாக இருந்தால் நுழைந்து பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுங்கள். ஐந்து லெவல் ஏறிப் போனால் அந்த எதிரிகள் பழைய அளவிலேயே இருப்பார்கள். அந்தத் திருப்தி தனி.

இதற்கு நேர் எதிர், 2010இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸ். தொடங்கும் ஊரிலிருந்து வடக்கே வேகஸ் நகரம் பக்கம்தான். ஆனால் அந்த வழியில் டெத்க்ளா என்ற ராட்சதப் பிராணிகள் காத்திருக்கும். வழியில் ஸ்லோன் என்ற சுரங்கக் குடியிருப்பில் போகாதே என்று எச்சரிப்பார்கள். மீறிப் போனால் சாவு. அதனால் தெற்கே இறங்கி, சுற்றிக்கொண்டு போகிறோம். அந்தச் சுற்று வழியில்தான் கதையின் முதல் பாதி இருக்கிறது. ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு சுவரை வைக்காமல், பயத்தை வைத்தே வழி திருப்பியிருக்கிறார்கள். எதிரி என்னை விடப் பெரியவனாக இருக்கிற ஓரிடம் உலகத்தில் இருந்தால்தான் நான் வளர்ந்தது எனக்குத் தெரியும்.

லெவலைக் காட்டிக் கதவடைக்கும் கேம்களில் அனுபவப் புள்ளியைக் காசுக்கு விற்பதையும் கவனியுங்கள். அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியில் புள்ளி 50 சதவீதம் கூடுதலாக வரும் பூஸ்ட்டைக் கடையில் வைத்தார்கள். வாங்காமலும் முடிக்கலாம்: பெயர் உள்ள ஆட்களின் சைடு குவெஸ்ட்களை எடுங்கள், பலகையில் வரும் தற்காலிக வேலைகளை விட்டுவிடுங்கள்.

மார்க்கரை அணைச்சுட்டு ஆடுனா நல்லாருக்கும்னு ஃப்ரெண்டு சொன்னான். ஸ்கைரிம்ல அணைச்சுப் பாத்தேன், ஒண்ணுமே புரியலீங்க.
— கல்லூரி மாணவி, தாராபுரம்

உங்கள் நண்பர் சொன்னது சரி, எடுத்த கேம் தப்பு. ஸ்கைரிமில் வேலை கொடுப்பவர் ‘அந்தக் குகையில் இருக்கிறது’ என்பார், அந்தக் குகை எங்கே என்று சொல்லமாட்டார். போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் இருக்கும் என்று நம்பியே வசனம் எழுதப்பட்டிருக்கிறது. மார்க்கரை எடுத்தால் வழி சொல்ல அங்கே ஆளே இல்லை.

நம் ஊரில் தோட்டத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். ‘பள்ளத்தத் தாண்டி வடக்கால திரும்புங்க, ரண்டாவது கெணறு, அதுக்கு மேக்கால ஓட்டுவீடு’ என்பார்கள். இடது வலது வராது, திசையும் அடையாளமும்தான். 2002இல் வந்த மாரோவிண்ட் இப்படித்தான் வழி சொல்லும். மார்க்கரே கிடையாது. பேசியது குறிப்பேட்டில் பதிவாகும், அதைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். அடையாளம் தவறினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். சிரமம்தான். ஆனால் பத்து மணி நேரத்தில் அந்தத் தீவு உங்களுக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும்.

அவ்வளவு பழைய கேம் வேண்டாம் என்றால் ஒடிஸியில் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டாமல், ‘இந்தப் பகுதியில், அந்த மலைக்குக் கிழக்கே’ என்று குறிப்பு மட்டும் கொடுக்கும். 1403ஆம் ஆண்டு பொஹிமியாவில் நடக்கும் கிங்டம் கம் டெலிவரன்ஸில் ஹார்ட்கோர் முறையில் ஆடினால், மேப் இருக்கும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும் இருக்காது. முதல் தடவையே அதில் இறங்காதீர்கள். சாதாரண முறையில் ஊர்கள் பழகிய பிறகு போங்கள்.

நிண்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் இதை இன்னொரு விதமாகத் தீர்த்தது. அதன் தயாரிப்பாளர்கள் 2017இல் ஜப்பானில் ஒரு தொழில் மாநாட்டில் விளக்கிய விஷயம்: நிலத்தை முக்கோண வடிவக் குன்றுகளாக அமைத்தார்களாம். முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறலாமா சுற்றலாமா என்று யோசிக்க வைக்கும். ஏறினாலோ சுற்றினாலோ மறைந்திருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். காங்கேயம் ரோட்டில் போகும்போது சிவன்மலை ஒரு பக்கம் தெரிந்து, வளைவில் மறைந்து, மறுபடி வேறு முகத்தோடு தெரியுமே, அந்த வேலைதான். கண் தானாகவே இழுத்துக்கொண்டு போகும்போது மார்க்கர் எதற்கு? அந்தக் கேமில் ஒளித்து வைத்த 900 கொரோக் விதைகள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும், அதுவும் கட்டாயம் இல்லை.

சைபர்பங்க்ல ஹீரோ சாகப் போறான்னு சொல்றாங்க. நான் கார் ரேஸ் ஓட்டிட்டு இருக்கேன். மனசு ஒட்ட மாட்டேங்குது.
— வாசகர், கரூர்

கதை ‘ஓடு’ என்கிறது, மேப் ‘நில், பார்’ என்கிறது. இந்த வகைக் கேமின் தீராத நோய் இது. பிரெத் ஆஃப் தி வைல்ட் தப்பித்தது, ஏனென்றால் அங்கே ஆபத்து நூறு ஆண்டாக அடைபட்டே கிடக்கிறது. இன்னும் பத்து நாள் ஆனால் ஒன்றும் குடிமுழுகாது. கிங்டம் கம்மில் சில குவெஸ்ட்கள் நிஜமாகவே காத்திருக்காது. நோய் பரவிய ஊருக்கு மருந்து தேடப் போய் வழியில் வேடிக்கை பார்த்தால் ஆட்கள் செத்துப்போவார்கள்.

சைபர்பங்க்கில் வழி: ஹனாகோ என்ற பெண்ணை எம்பர்ஸ் என்ற இடத்தில் சந்திக்கச் சொல்லும் கட்டம் வரை கதையை ஓரளவு தொடர்ச்சியாக ஆடிவிடுங்கள். அதற்கு மேல் திரும்ப முடியாது என்று கேமே எச்சரிக்கும். அங்கே நிறுத்திக்கொண்டு பனாம், ஜூடி, ரிவர், கெர்ரி என்று பெயரோடு வரும் குவெஸ்ட்களை முடியுங்கள். சாகப் போகிறவன் கணக்குத் தீர்க்கிறான் என்று பார்த்தால் அவை கதையோடு பொருந்தும். ரேஸும் கடைசியாக அங்கே வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வாங்கிப் பாதியில் விட்டவர் என்றால் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டோடு புதிதாகத் தொடங்குங்கள்; திறன் அமைப்பே மாறிவிட்டது. பிஎஸ்4இல் அந்த அப்டேட் கிடையாது. கணினியில் எஸ்.எஸ்.டி. இருந்தாக வேண்டும்.

வேகமா இங்கிலீஷ் படிக்க வராதுங்க. இந்தக் கேம்கள் நமக்கு ஆகுமா?
— தறிக்காரர், பல்லடம்

ஆகும். முதலில் சப்டைட்டில் அளவைப் பெரிதாக்குங்கள். பதில் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் கேம் உங்களுக்காகக் காத்திருக்கும், அவசரமே வேண்டாம். ஆனால் விட்சர் 3இல் சில பதில்களுக்கு மேல் ஒரு கோடு குறைந்துகொண்டே போகும். அது தீர்ந்தால் பதில் தானாக முடிவாகிவிடும். அதனால் முக்கியமான ஆளோடு பேசும்முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். மனிதர்கள், குவெஸ்ட் பற்றிய குறிப்புகள் மெனுவில் எழுத்தாகவே இருக்கும், நிதானமாகப் படிக்கலாம். கிங்டம் கம்மின் நாயகனுக்கே தொடக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாது. அவனும் கதைக்குள் ஓர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொள்வான்.

நாங்க நாலு பேர், கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு நம்ம ஊரை வெச்சு ஒரு சின்ன ஓப்பன் வேர்ல்ட் பண்றோம். மேப் 4 சதுர கிலோமீட்டர் போட்டாச்சு. காலியா இருக்குதுங்க. என்ன நிரப்பறது?
— மாணவர்கள், பீளமேடு, கோவை

நிரப்ப வேண்டாம், வெட்டுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கேமில் ஆள் ஓடும் வேகத்தை வினாடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். 40 வினாடிக்கு ஒரு தடவையாவது பார்க்க ஏதாவது வேண்டும் என்றால், 200 மீட்டருக்கு ஓர் இடம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 25 இடம். உங்கள் மேப்புக்கு 100. நான்கு பேர் 100 இடத்தைக் கதையோடு செய்ய முடியாது, செய்தால் ஒரே கோயிலை நாற்பது தடவை நகலெடுப்பீர்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் போதும். அதில் ஆறு இடம் வரும். இடத்துக்கு இரண்டு ஆள், ஆளுக்கு 12 வசனம் என்றால் 144 வசனம். ஒன்றுக்கு 5 வினாடி வைத்தால் 12 நிமிடப் பேச்சு. நான்கு பேரால் எழுதி, பேசி, திருத்த முடிகிற அளவு.

சின்ன மேப் பெரிதாகத் தெரிய நேர்க்கோட்டை ஒழியுங்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து எப்படி வளைந்து வளைந்து போகிறது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். பாம்பு போன தடத்தில் வெட்டியதாக ஊரில் கதையே உண்டு. அப்படி வளையும் ஒரு வாய்க்காலை நடுவில் போட்டால் ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒன்றை ஒளித்து வைக்கலாம். நடப்பவருக்கு அரை கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டராகத் தெரியும்.

குவெஸ்ட்டும் அதிலிருந்தே வரும். கடைமடையில் ஒரு மூதாட்டியின் மஞ்சள் காய்கிறது. முறைத் தண்ணீர் வரவில்லை. மேலே யாரோ மடையை அடைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அடைத்தவர் வயலும் காய்ந்துதான் கிடக்கிறது. மடையின் சாவி வேறொருவரிடம். யாருக்குத் திறந்துவிட்டாலும் இன்னொருவருக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இதில் கொல்ல ஆளும் வேண்டாம், பத்து ஓநாயும் வேண்டாம். முக்கியமானது, முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்: மறுநாள் ஒரு வயல் பச்சை, இன்னொன்று வெடிப்பு. ‘குவெஸ்ட் முடிந்தது’ என்று எழுத்தைப் போடுவதை விட அந்த வெடிப்பு பேசும்.

முடிவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்று 3 தேர்வு வைத்தால் 8 விதம், 5 வைத்தால் 32. எல்லாவற்றுக்கும் தனி முடிவு செய்ய முயன்றுதான் மாணவர் ப்ராஜெக்ட்கள் படுத்துவிடுகின்றன. ஒரு தேர்வு நிலத்தை மாற்றட்டும். மற்றவை ஒருவர் பேசும் ஒரு வரியை மட்டும் மாற்றட்டும்.

அப்புறம் உடைகிற இடங்கள். ஆடுபவர் மூதாட்டியிடம் பேசும்முன்பே சாவியை எடுத்துவிட்டால்? ‘சாவி இருக்கிறதா’ என்ற சோதனையைச் சாவி எடுக்கும் நொடியில் மட்டும் வைத்திருந்தால் குவெஸ்ட் அங்கேயே தொங்கும். ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் அந்தச் சோதனை ஓட வேண்டும், ‘ஏற்கெனவே கொண்டு வந்துட்டியா கண்ணு’ என்று சொல்ல அவருக்கு ஒரு வரி வேண்டும். ஒரே ஆளை இரண்டு குவெஸ்ட்டில் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்துக்கு அனுப்பாதீர்கள். மாட்டேன் என்று சொல்லிப் போனவர் மறுநாள் திரும்பி வந்தால் என்ன பேசுவார் என்று எழுதிவையுங்கள். நடுவில் சேவ் செய்து மூடித் திறந்தால் மடை திறந்த நிலையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் வயலின் நிலையைச் சேவில் எழுத மறந்துவிடுவார்கள், தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும், வயல் காய்ந்தே கிடக்கும்.

செய்தவர் சோதிக்கக்கூடாது. உங்களில் ஒருவர் செய்ததை இன்னொருவர் கடைசிப் படியிலிருந்து தலைகீழாக ஆடிப் பாருங்கள். பிறகு கேமே ஆடாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்க்கிறார், எந்த இடத்தில் ஓட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கடக்கிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டே கடந்த தூரத்தை அடுத்த வாரம் மேப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.